பூனை குட்டி போட்ட பாவு

எங்கள் வீட்டுப் பூனை பரண்மேல் கிடந்த ஒரு பட்டுப் பாவின்மேல் குட்டி போட்டிருந்தது. மற்றதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். இரண்டு மூன்று புடவைக்கு ஆகும் நீளத்தில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டி வைத்திருப்பார்கள். இந்தப் பாவுக்குச் சாயப் பட்டறையில் அரக்கு நிறம் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். ஓரிடத்தில் நாவல்பழம் போலவும் ஓரிடத்தில் கழுவிய செங்கல் போலவும் வந்து சேர்ந்தது. நூல் கொடுத்த முதலாளி வேண்டாம் என்றார். பட்டறைக்காரர் நூல்தான் சரியில்லை என்றார். அப்பா அதைச் சுருட்டிப் பரணில் போட்டார். எலி கொஞ்சம் கடித்தது. எலியைப் பிடிக்கப் போன பூனை அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது. குட்டிகள் கண் திறக்கும்வரை நான் தினமும் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பேன். அதனால் அந்தப் பாவின் நிறமும் நாற்றமும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆண்டு 1968 என்பது என் கணக்கு. என் அண்ணன் 67 என்கிறான். எங்கள் ஊரில் பிறந்து முதலமைச்சரானவர் மறைந்து, ஊர் முழுவதும் வீதியில் உட்கார்ந்து அழுதது ஒரு தை மாதம். அப்போது நான் நாலாம் வகுப்பு. அந்தத் தைக்கு முந்தைய மழைக்காலத்தில்தான், அதே வகுப்பில் நான் இருக்கும்போதுதான் இது நடந்தது. அண்ணன் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவனிடம் ஆதாரமும் இல்லை. தேதியும் கிழமையும் எனக்கும் தெரியாது. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்திருந்தது, மழைக்காகப் பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். இந்த இரண்டையும் மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் தெரு பெரிய காஞ்சிபுரத்தின் ஓரத்தில் இருந்தது. வீட்டுக்கு ஒரு தறியாவது இருக்கும். தெருவின் நடுவில் இரு பக்கமும் சந்து பிரியும். மேற்குச் சந்து காலனிக்குப் போகும். கிழக்குச் சந்து வயல்வெளிக்கும் அதைத் தாண்டி இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் போகும். காலனியில் பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் எங்களைப் போல அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் எங்கள் அம்மன் கோயிலுக்கு வருவதில்லை. அங்கே தனியாக ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், அப்போது சாயப் பட்டறையிலும் நகராட்சியிலும் கொத்து வேலையிலும் இருந்தார்கள். தினமும் காலையில் எங்கள் தெருவைக் குறுக்கே தாண்டித்தான் வேலைக்குப் போவார்கள். அதை யாரும் தடுத்ததில்லை. உயிரோடு இருப்பவர்கள் தாண்டலாம். செத்தவர் யாரும் தாண்டியதில்லை. சவம் வாய்க்கால் கரையோரமாகச் சுற்றி, மதகைக் கடந்து போகும். எவரும் எழுதி வைத்த விதி அல்ல. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மழையில் மதகு உடைந்துபோயிற்று. அது உடைந்த இரண்டொரு நாளில் சூசை இறந்துபோனார்.

சூசை நகராட்சியில் குடிநீர் திறந்துவிடுகிறவர். தோளில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புச் சாவியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். எங்கள் தெரு முனையில் இருந்த குழிக்குள் அந்தச் சாவியை விட்டுத் திருகினால்தான் எங்கள் குழாய்களில் தண்ணீர் வரும். "சூச, இன்னிக்கி கொஞ்சம் நெறைய வுடுப்பா, வீட்ல விசேஷம்" என்று அவரிடம் கெஞ்சாத வீடு எங்கள் தெருவில் இல்லை. அவருடைய மகள் ஸ்டெல்லா என் வகுப்பில் படித்தாள். நாளைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் எங்கள் டீச்சரே அவளிடம் மரியாதையாகத்தான் பேசுவார்.

சூசையின் தம்பி அந்தோணி காலையிலேயே எங்கள் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். பெரியப்பாதான் தெருவுக்குப் பெரியவர். தெருவைத் தாண்டுவது மட்டும்தான், தெரு வழியாக நடக்கப் போவதில்லை, மதகு இருந்திருந்தால் கேட்டே இருக்க மாட்டோம் என்று அந்தோணி வாசலில் நின்றே சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் பெரியப்பா. சாயங்காலத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தோணி போனார்.

பெரியப்பா யோசித்தார். மத்தியானம் நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பரண்ல ஒரு கெட்ட பாவு கெடக்குதே, அதை எடுடா."

"எதுக்குண்ணா?" என்றார் அப்பா.

"தெருவுல விரிக்கத்தான். விரிச்ச பாவை எவன் தாண்டுவான்?"

"இந்த மழைக்காலத்துலயா? பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். தாண்டணும்னா அறுக்கணும். அவனுங்க அறுத்தா அவனுங்க அறுத்ததா இருக்கும். போலீசு அறுத்தா போலீசு அறுத்ததா இருக்கும். ரெண்டுல எது நடந்தாலும் நம்ம பேர்ல தப்பு இல்ல."

உள்ளே அம்மா பாத்திரத்தை வைத்த சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

பெரியப்பாவின் யோசனை எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். நெசவாளர் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழைகளைப் பிரித்து நேராக்குவார்கள். விடிவதற்கு முன்பே விரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அதுவரை தெரு பாவுக்குச் சொந்தம். மாட்டு வண்டி நிற்கும். தபால்காரர் சுற்றிப் போவார். கல்யாண ஊர்வலம்கூட ஒதுங்கித்தான் போகும். இது ஒன்று. மற்றொன்று, முந்தைய ஆண்டு நடந்த கூலித் தகராறு. யாரையோ தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்த போலீஸ்காரர் ஒருவர், ஆள் ஒளிந்திருக்கிறானா என்று பார்க்கத் தறிக்குள் தடியை விட்டுக் குத்தினார். தறியில் இருந்த பாவு அறுந்துபோயிற்று. அப்பா அன்று முழுவதும் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே இருந்தார். அதிலிருந்து காக்கிச் சட்டை தெரு முனையில் தெரிந்தாலே எங்கள் வீடுகளில் தாழ்ப்பாள் விழும் ஓசை வரிசையாகக் கேட்கும். இன்னொரு பாவைப் போலீஸ் அறுத்தால் தெரு முழுவதும் எழுந்துவிடும். அது பெரியப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்துதான் ஏணியை எடுத்தார்.

பூனையைக் கீழே இறக்கும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது.

ஆக, கார்த்திகை மாதத்து மத்தியானத்தில், கறுத்துப்போன வானத்தின் கீழே, எங்கள் தெரு நடுவில் ஒரு பாவு விரிக்கப்பட்டது. இரு முனையிலும் கம்பம் நட்டு, இடையில் மூங்கில் கால்கள் கொடுத்து, இரண்டு சந்துகளின் வாயையும் மறிக்கும்படி இழுத்துக் கட்டினார்கள். கஞ்சி மட்டும் தெளிக்கவில்லை. பிறகு ஆண்கள் எல்லோரும் வாசலில் வந்து உட்கார்ந்து எதையோ எதிர்பார்க்காதவர்களைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தது போலீஸ்; விஷயம் எப்படியோ ஸ்டேஷனுக்கு எட்டியிருந்தது. நாலைந்து போலீஸ்காரர்களோடு புது சப்-இன்ஸ்பெக்டர். புது என்றால் அந்த ஆடியில் வந்தவர். ஒல்லியான மனிதர், தெற்கத்திப் பேச்சு. வந்த நாளிலிருந்து சாயங்காலங்களில் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார், அப்படியே காலனிக்கும் போவார். காலனியில் ஒருநாள் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்பதால் அவர் அவர்களுடைய ஆள் என்று எங்கள் தெருவில் முடிவு செய்திருந்தார்கள். பட்டுக் கடை வாசலில் நின்று பேசினார் என்பதால் அவர் எங்களுடைய ஆள் என்று காலனியில் முடிவு செய்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் இரண்டு இடத்திலும் அவருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: தெரியாதுங்க.

அவர் பாவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார்.

"முகூர்த்தப் பொடவைக்குப் போட்ட பாவு சார்" என்றார் பெரியப்பா எழுந்திருக்காமலே. "பாதியில எடுக்க முடியாது. இழை போச்சுன்னா எங்க பொழப்பே போச்சு. போன வருஷம் ஒரு தடவ பாத்துட்டோம்."

ஒரு போலீஸ்காரர், "என்னாங்க, மழைல பாவா?" என்று சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குள் மேற்குச் சந்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. முன்னால் மாதா கோயில் உபதேசியார் நீண்ட கம்பில் பொருத்திய சிலுவையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் சூசையின் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் ஸ்டெல்லா. பள்ளிக்கூடத்துப் பாவாடைதான் கட்டியிருந்தாள். பாவைக் கண்டதும் பாட்டு நின்றது. பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பொறுங்கன்னா இன்னா அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும் சார்" என்றார் அந்தோணி. குரலை உயர்த்தவில்லை. "கொழாயாண்ட சண்டை வந்தப்பவும் பொறுங்கன்னுதான் சொன்னாங்க. பொறுத்துக்கினு இருந்தோம். கடைசில லாக்கப்புக்குப் போனது எங்காளுங்க மட்டும்தான்."

"அப்ப நான் இல்ல."

"சட்டை இதான் சார்."

"பெட்டி இங்கேருந்து போறதுக்கு முன்னால நான் போக மாட்டேன்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அந்தோணி நம்பியதாகத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த ஓர் இளைஞன் பாவை நோக்கிக் கையை நீட்டினான்.

"ஒரே இழுப்பு சித்தப்பா, முடிஞ்சிது வேலை."

"கையை வெச்சே, முறிச்சிடுவேன்" என்றார் அந்தோணி. "அதுக்குத்தான்டா அவங்க அங்க காத்துக்கினு இருக்கறாங்க."

எங்கள் பக்கத்து வாசல்களில் யாரும் பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கலவரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசாமல் இருப்பது நல்லதற்கில்லை என்பது தெரிந்திருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பாவின் ஓரமாக மெதுவாக நடந்தார். எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே வந்ததும் குனிந்து, இழைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் படியில் பூனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்து, மிகத் தணிந்த குரலில், "பாவு எப்ப பாப்பா விரிச்சாங்க?" என்று கேட்டார்.

போலீஸிடம் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் இவர் நல்ல முறையில் கேட்டார். மேலும், பெட்டிக்குப் பின்னால் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள்.

"சாப்ட்ட பெறகு" என்றேன். பிறகு அவருக்குப் பயன்படட்டும் என்று மற்றதையும் சொல்லிவிட்டேன். "இது நல்ல பாவு இல்ல. பரண்ல இருந்துச்சு. இதுமேலதான் எங்க பூன குட்டி போட்டுச்சு."

அவர் தன் விரலைப் பார்த்தார். அதில் வெள்ளையாக ஒரு முடி ஒட்டியிருந்தது. என் கையில் இருந்த வெள்ளைப் பூனையைப் பார்த்தார். முடியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அப்படியா? அப்ப இது ரொம்ப ஒசத்தியான பாவு" என்றார். "வேற யார்ட்டயும் சொல்லாதம்மா, கண்ணு பட்டுரும்."

நிமிர்ந்து நின்று, தெரு முழுவதும் கேட்கும்படி பேசினார். முகூர்த்தப் புடவைக்கான பாவு என்று பெரியவர் சொல்கிறார். தொட்டுப் பார்த்தேன், உயர்ந்த பட்டு. ஓர் இழை அறுந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே யாரும் இதை அறுக்கக் கூடாது, யாரும் இதைத் தாண்டவும் கூடாது. அப்புறம் பெரியப்பாவின் பக்கம் திரும்பி, "தூக்கலாம் இல்லையா?" என்று கேட்டார்.

"தூக்கறதா?" என்றார் பெரியப்பா.

"மேல தூக்கிப் பிடிச்சா, கீழ போயிருவாங்க. உங்க வழக்கத்துல அது குத்தமா?"

பெரியப்பா இதை யோசித்து வைத்திருக்கவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டு நிலைப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அம்மா பொதுவாகத் தெருவில் ஆண்கள் கூடியிருக்கும்போது பேசுகிறவள் அல்ல.

"கன்னுக்குட்டி உள்ள பூந்துட்டா தூக்கித்தானே வுடறோம். தெனமும் நடக்கறதுதானே மாமா?"

பெரியப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். இல்லை என்று சொல்ல முடியாது, தெருவே பார்த்திருக்கிறது. பாவு அவ்வளவு நல்லதில்லை, தூக்க வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. "அறுந்தா யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

"நான்தான். இப்பத்தான் சொன்னேனே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். போலீஸ்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் தடிகளைப் பாவின் கீழே நீட்டினார்கள்.

"ஐயோ! தடி வேணாம்!"

கத்தியது அப்பா. எழுந்து நின்றிருந்தார். பூனை குட்டி போட்ட பாவு என்பதை அந்த நிமிஷம் அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். தெருவில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். போன வருஷம் யாருடைய தறி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சப்-இன்ஸ்பெக்டருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் தடிகளை இறக்கச் சொன்னார்.

"பின்ன எப்படித் தூக்கணும்? நீங்க சொல்லுங்க, நாங்க செய்யறோம்."

அப்பா அருகில் வந்து ஒரு தடியைத் தடவிப் பார்த்தார். பிறகு, யாரைப் பார்த்தும் இல்லாமல், "தடி சொரசொரன்னு இருக்குது, பூண் வேற. இழை கீறிடும். மேல துணி சுத்தணும்" என்றார்.

அம்மா பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டே வெளியே வந்தாள். எதிர் வீட்டிலிருந்து இன்னொன்று வந்தது. போலீஸ்காரர்கள் வாசலில் உட்கார்ந்து தடிகளுக்குத் துணி சுற்றினார்கள். முன்பு சிரித்த போலீஸ்காரர், "நம்ம தடிக்கு இன்னிக்கிக் கல்யாணம்பா, வேட்டி கட்டிக்கிச்சு" என்றார். இந்த முறை எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சந்துப் பக்கத்திலிருந்தும் யாரோ சிரித்தார்கள். உடனே இரு பக்கமும் நிறுத்திக்கொண்டார்கள்.

அதன் பிறகு அப்பாதான் அதிகாரி. "நீ அந்தக் கால்கிட்ட நில்லு... நீங்க, நில்லுங்க" என்றார் ஒரு போலீஸ்காரரிடம். "எல்லாரும் ஒண்ணா தூக்கணும். ஒருத்தர் முந்தினா இழை தளந்துடும்." சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு தடியை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். அப்பா அவரையும் அரை அடி தள்ளி நிற்கச் சொன்னார். அவர் தள்ளி நின்றார்.

பாவு மேலே போயிற்று. பெட்டி போகிற உயரம் வந்துவிட்டது. ஆனால் சிலுவை இன்னும் மேலே இருந்தது.

"அதைக் கொஞ்சம் சாய்ச்சிக்கினா போதும்" என்றார் எங்கள் தெருக்காரர் ஒருவர்.

"சிலுவையைச் சாய்க்க மாட்டோம்" என்றார் உபதேசியார். அந்தோணியும் தலையை அசைத்தார். எல்லாம் மறுபடியும் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்து, "இன்னும் ஒரு முழம்?" என்றார், கூடை முடைகிறவரிடம் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்வதைப் போல.

அப்பா பாவின் முனைக் கம்பத்துக்கு ஓடினார். பாவை இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை அளவு பார்த்துத் தளர்த்தினார். தடிகள் உயர்ந்தன. நாலைந்து தடிகளுக்கு அந்தப் பாவு அதிக நீளம். பெரியப்பா நின்ற இடத்தில் அது வயிறு போலத் தொங்கியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தொங்குகிற பாவைக் கண்டால் நெசவாளியின் கை சும்மா இருக்காது. பெரியப்பாவின் கை தானாக மேலே போயிற்று. இரண்டு உள்ளங்கையாலும் அதைத் தாங்கிக்கொண்டார். தாங்கிய பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அப்போது கையை எடுத்தால் முகூர்த்தப் பாவு தரையில் படும். எடுக்கவில்லை.

சிலுவை போயிற்று. பிறகு சூசை போனார். உபதேசியார் விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார். ஸ்டெல்லா பாவின் கீழே வந்ததும் முகத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டே நடந்தாள். அவளுக்குப் பின்னால் காலனி ஆட்கள் தலையைக் குனியாமல் கடந்தார்கள். அதற்குத் தேவையான உயரம் இருந்தது. அந்தோணி கடைசியாக வந்தார். பாவு அவர் தலைக்கு நேர் மேலே வந்த இடத்தில் ஒரு கணம் நின்று, நிமிர்ந்து அதன் நிறத்தைப் பார்த்தார். பிறகு எதிரே கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெரியப்பாவைப் பார்த்தார். பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

தூறல் விழ ஆரம்பித்தது. சப்-இன்ஸ்பெக்டர், பாவு நனையக் கூடாது என்று அவசரப்படுத்தினார். போலீஸ்காரர்கள் மூங்கில் கால்களைப் பிடுங்கிக் கொடுக்க, அப்பா சுருட்டினார். சுருட்டி முடித்ததும் சப்-இன்ஸ்பெக்டர் வந்து, "இழை ஒண்ணும் அறுகலையே?" என்று கேட்டார்.

எலி கடித்த இடம் மேலேயே தெரிந்தது. அப்பா அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "ஒண்ணும் அறுவல சார்" என்றார்.

அன்று சாயங்காலம், விளக்கு ஏற்றும்போது நான் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அந்தப் போலீஸ்காரர் பாவம், ஒன்றும் தெரியாதவர். பூனை குட்டி போட்டது என்று நானே சொன்னேன். முடி அவர் விரலில் ஒட்டிக்கூட இருந்தது. அப்படியும் அது உயர்ந்த பாவு என்கிறார்.

அம்மாவின் கையில் தீக்குச்சி எரிந்துகொண்டே இருந்தது. "நீ சொன்னியா?" என்றாள். "சொன்ன பெறகா அவரு தெருவுல அப்பிடிப் பேசினாரு?"

"ஆமாம்."

குச்சி விரலைச் சுட்டதும் உதறினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய் அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் போலீஸிடம் பேசியதற்கு அன்றும் அடி விழவில்லை, பிறகும் விழவில்லை. இதுவும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஸ்டெல்லா வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்: "உங்க பாவுல பூன முடி இருந்துச்சு. அது சாயம் கெட்ட பாவு. எங்க சித்தப்பாதான் பட்டறையில அதைத் தோய்ச்சாராம், பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சாம்." எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் ஒரு கணக்கும் மனதில் ஓடியது. எங்கள் தெருவுக்குத் தெரியும். அந்தோணிக்குத் தெரியும், அதனால் காலனிக்கும் தெரியும். ஸ்டெல்லாவுக்கே தெரிந்திருக்கிறது. ஆக, கூட்டத்தில் ஏமாந்தவர் அந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர்தான். அதுவும் நேராகச் சொல்லியும். இதை நான் வெகுகாலம் ஒரு வேடிக்கைக் கதையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கோடையில், அதாவது 69 சித்திரையில், தண்ணீர்ச் சண்டை வந்தது. சூசைக்குப் பிறகு வந்தவர் சாவியை எப்படித் திருகினாரோ, காலனிக்கு வந்தால் எங்களுக்கு வராது, எங்களுக்கு வந்தால் காலனிக்கு வராது. குழாயடியில் குடம் உடைந்தது, பிறகு ஒரு பையனின் மண்டை உடைந்தது. எங்கள் தெரு இளைஞர்கள் மூங்கில்களை உருவிக்கொண்டு நின்றார்கள். காலனியிலும் அப்படித்தான் நின்றார்களாம்.

மறுநாள் காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வெளியே சைக்கிள் மணி கேட்டது. அந்தோணி சந்து முனையில் காலை ஊன்றி நின்றிருந்தார். ஸ்டேஷனுக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பெரியப்பா ஓடி வந்தார்.

"போலீசுகிட்டயாடா போற? தறியைக் குத்தினவனுங்ககிட்டயா?"

"அவருகிட்ட சொல்லிட்டு வரோம்ணா" என்றார் அப்பா. "அவரு பாத்துக்குவாரு."

பெரியப்பா தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். அப்பாவும் அந்தோணியும் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக, பேசிக்கொள்ளாமல், அவரவர் சைக்கிளில் போனார்கள்.

நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டிகளில் மிஞ்சிய ஒன்று என் காலடியில் இருந்தது. விரலில் முடி ஒட்டியும், வாய்விட்டுச் சொல்லியும், பூனைப் பாவை முகூர்த்தப் பட்டு என்று நம்பிவிட்டவரிடம் நியாயம் கேட்கப் போகிறார்களே, இவர்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று எனக்கு அன்று கவலையாகத்தான் இருந்தது.